என் தோழிகள் வந்த வார இறுதி

(‘திருமணத்துக்குப் பின் நட்பு’ என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில், செலாயாங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய மூவரும் படித்தவர்கள். மேற்கோள் எல்லாம் காட்டி அழகாகப் பேசினார்கள். நான் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் மீ கோரெங் கிண்டியவள். எனக்குத் தெரிந்தது என் வீட்டில் நடந்ததுதான். அதையே சொல்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டினால் கோடை விடுமுறை, கோடை விடுமுறை என்று கதை கதையாக எழுதுவார்கள். நமக்குக் கோடை ஏது? வருடம் முழுவதும் காலையில் வெயில், மாலையில் மழை. பள்ளி விடுமுறைதான் நமக்குக் கோடை. நான் சொல்லப் போவதும் அப்படி ஒரு விடுமுறையில் நடந்ததுதான். 2023-ஆம் ஆண்டு தேசிய தினம் வியாழக்கிழமை வந்தது. அதை அடுத்த சனி, ஞாயிறு. செப்டம்பர் 2, 3. என் நான்கு பள்ளித் தோழிகளில் மூவர் செலாயாங்கில் என் வீட்டில் வந்து தங்கினார்கள். திருமணமாகி முப்பத்தொன்பது ஆண்டுகளில் என் தோழி என்று சொல்லிக்கொண்டு என் வீட்டு வாசற்படி ஏறியவர்கள் அவர்கள்தான் முதல் ஆள் என்று அன்றுவரை நினைத்துக் கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

தோழிகள் தங்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரால் சொல்கிறேன். கிள்ளான்காரி, ஜொகூர்காரி, சுங்கை சிப்புட்காரி. நாலாமவளை எங்கள் சின்னவள் என்றுதான் சொல்வோம். ஐந்து பேரில் அவள்தான் மூன்று மாதம் இளையவள்.

நாங்கள் ஐவரும் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள். பெஸ்தாரி ஜெயா என்று இப்போது சொல்கிறார்களே, 2007-க்கு முன்னால் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டம். விடியற்காலையில் பெரட்டுக்கு மணி அடிக்கும்போது அம்மாமார்கள் வெளிக்காட்டுக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓட வேண்டியது எங்கள் வேலை. மாலையில் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கூடுவோம். லயத்தில் எங்களுக்கு ‘பீலிக்கரைப் பார்ட்டி’ என்றே பெயர். ஐந்து வாளியும் நிரம்பி வழிந்தாலும் பேச்சு முடியாது.

தமிழ்ப்பள்ளி முடிந்ததும் 1974-இல் ஐவரும் புதுமுக வகுப்பில் சேர்ந்தோம். அது ஓர் ஆண்டு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மலாய் மொழியில் தேறிக்கொண்டு முதல் படிவத்துக்குப் போவதற்கான வகுப்பு. மற்ற பிள்ளைகளைவிட ஒரு வயது கூடுதலாக முதல் படிவத்தில் உட்கார்ந்திருப்போம். தோட்டத்து லோரியில் நின்றுகொண்டே பள்ளிக்குப் போவோம். 1976-இல் ஆளுக்கு ஐம்பது காசு போட்டு, பட்டணத்துப் படக் கடையில் ஐவரும் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். கறுப்பு வெள்ளைப் படம். கடைக்காரர் ஒரே ஒரு பிரதிதான் கொடுத்தார். சீட்டுப் போட்டோம். எனக்கு விழுந்தது. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூன்றாம் படிவத்தோடு மூவர் நின்றுவிட்டோம். பிறகு ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகக் கல்யாணம். எனக்கு 1984-இல். மாப்பிள்ளைக்கு லோரி ஓட்டும் வேலை. கேமரன் மலையிலிருந்து செலாயாங் பசார் போரோங்குக்குக் காய்கறி ஏற்றி வருவார். அதோ, மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். இன்று நான் என்ன பேசப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். அவர் அனுமதியோடுதான் பேசுகிறேன்.

ஏன் தொடர்பு விட்டுப் போனது என்று இந்த அரங்கில் ஒரு தம்பி கேட்டார். “மனசு இருந்தா விட்டுப் போகுமா?” என்றார். தம்பி, உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. 1984-இல் எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. தெருமுனையில் பொதுத் தொலைபேசி உண்டு. பத்துக் காசு போட்டால் பேசலாம். யாருக்குப் பேசுவது? தோழிகளின் புகுந்த வீட்டிலும் தொலைபேசி கிடையாதே. கடிதம் எழுதலாம். தோட்டத்துக்கு எழுதும் கடிதம் ஆபீசுக்குப் போகும். கிராணி எடுத்து வைத்திருந்து, ஆள் வரும்போது கொடுப்பார். அந்தத் தோட்டமே கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டு, லயத்து ஜனங்கள் ஆளுக்கொரு பக்கம் போன பிறகு அந்த முகவரிக்கு என்ன பொருள்? நம் ஜனங்களில் எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்கு இதுதான் நடந்தது. வீட்டை இழந்தோம், கோவிலை இழந்தோம் என்று மேடைகளில் பேசுகிறோம். முகவரியை இழந்ததைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. ஒரு பெண்ணுக்கு அவள் தோழியைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வரிதான் இருந்தது.

ஆண்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வீட்டுக்காரருடைய சிநேகிதர்கள் கல்யாணத்துக்கு முன்பும் இருந்தார்கள், பின்பும் இருந்தார்கள். லோரி சிநேகிதர், பசார் சிநேகிதர், பந்து விளையாட்டுச் சிநேகிதர், காப்பிக் கடைச் சிநேகிதர். தீபாவளிக்கு முதல் நாளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நானும் முகம் சுளிக்காமல் கோழி பிரட்டிப் போட்டிருக்கிறேன். அவர்களும் நல்லவர்கள்தான். “தங்கச்சி கை மணம்” என்று சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒரு தடவையாவது, “தங்கச்சிக்கு யாரும் சிநேகிதம் இல்லையா?” என்று ஒருவர் கேட்டிருப்பாரா? கேட்டதில்லை. எனக்கும் அது குறையாகத் தோன்றவில்லை. அதைத்தான் இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

இனி 2020-க்கு வருகிறேன். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டார்கள். ஏப்ரல் மாதம் பசார் போரோங்கைச் சுற்றியிருந்த பகுதியை முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். போலீசும் இராணுவமும் நின்றன. எங்கள் வீடு கம்பிக்கு வெளியே, சில தெருக்கள் தள்ளி. முப்பது ஆண்டுகளாக இராத்திரி இரண்டு மணிக்கு லோரிச் சத்தம் கேட்டே தூங்கிப் பழகிய எங்களுக்கு அந்த அமைதியில் தூக்கம் வரவில்லை. தொலைக்காட்சிச் செய்தியில் தினமும் செலாயாங், செலாயாங் என்று சொன்னார்கள்.

அந்தச் செய்தியை ஜொகூரில் ஒருத்தி பார்த்திருக்கிறாள். “செலாயாங்ல பசார் லோரி ஓட்டுறவரைத்தானே அவ கட்டிக்கிட்டா?” என்று அவளுக்கு நினைவு வந்திருக்கிறது. மகனை விட்டு முகநூலில் தேடச் சொல்லி, என் மகளைப் பிடித்து, எண்ணை வாங்கி, ஓர் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தாள். எடுத்த எடுப்பில், “ஏய், நீ கம்பிக்கு உள்ள இருக்கியா, வெளிய இருக்கியா?” என்றாள். பெயர் சொல்லவில்லை. அந்தக் குரலுக்குப் பெயர் வேண்டியதில்லை. வாளி நிரம்பின பிறகும் பேசின குரல் அது.

பிறகு ஒருத்தி மூலம் ஒருத்தி. புலனத்தில் ‘பீலிக்கரை’ என்று குழு தொடங்கினோம். காலை வணக்கப் பூப்படங்களை ஜொகூர்காரி ஒரு நாளைக்குப் பத்து அனுப்புவாள். சுங்கை சிப்புட்காரி மூட்டுவலிக்கு வைத்தியம் அனுப்புவாள். கிள்ளான்காரி மட்டும் பேசமாட்டாள். நான் போடுவதைப் படித்தாள் என்று நீலக் குறி காட்டும், பதில் வராது. மற்றவர்களுக்குப் பதில் போடுவாள். அவள் சுபாவம் அப்படி என்று விட்டுவிட்டேன். எங்கள் சின்னவள் 2011-லேயே இறந்து போனாள் என்ற செய்தியையும் கிள்ளான்காரிதான் குழுவில் போட்டாள். ஒரே ஒரு வரி. ஐம்பது வயது. நான் அன்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

நோய்க் காலமெல்லாம் ஓய்ந்த பிறகு, எல்லாரும் ஓரிடத்தில் கூடுவோம் என்று பேச்சு வந்தது. யார் வீட்டில்? நான், “என் வீட்டுக்கு வாங்க” என்று எழுதிவிட்டேன். எழுதின பிறகுதான் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “பொம்பளைங்க கூட்டத்துல எனக்கென்ன வேலை? நான் ரெண்டு நாள் பெரியவன் வீட்டுக்குப் போயிடுறேன்” என்றார். நான், “முப்பத்தொன்பது வருஷமா உங்க கூட்டத்துல எனக்கு என்ன வேலையோ, அதே வேலைதாங்க” என்றேன். சிரித்துவிட்டார். வேனை நானே ஓட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

சுற்றிப் பார்க்க எங்கே போகலாம் என்று பேச்சு. கோலாலம்பூர் என்றால் கோபுரங்களைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பார்கள். எங்கள் செலாயாங்கைச் சுற்றி என்ன இல்லை என்கிறேன். பக்கத்தில் பத்துமலை. கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகம். ஈயம் தோண்டிப் பாழாய்க் கிடந்த நிலத்தில் 1920-களிலிருந்து மரம் நட்டு வளர்த்த காடு அது. 2025-இல் உலக மரபுடைமைப் பட்டியலிலேயே ஏறிவிட்டது. ரவாங் போகும் பழைய ஈப்போ சாலையில் போனால் டெம்ப்ளர் பூங்கா. அவசரகாலத்தில் இங்கே பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்த ஜெரால்டு டெம்ப்ளர் பெயர் வைத்தது. அதைத் தாண்டினால் காஞ்சிங் அருவி. எல்லாவற்றுக்கும் மேலாக ஊருக்குள்ளேயே சுடுநீர்க் குளம்.

சனிக்கிழமை காலை பேருந்து நிலையத்துக்குப் போய் இருவரை ஏற்றி வந்தார். கிள்ளான்காரியை அவள் மகன் காடியில் கொண்டுவந்து விட்டான். மற்ற இருவரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கிள்ளான்காரி கையை மட்டும் கொடுத்தாள்.

பசியாறைக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்து, நெத்திலிச் சம்பல் அரைத்து வைத்திருந்தேன். தோசை, இட்டிலி எதுவும் செய்யவில்லை. லயத்தில் சனிக்கிழமை நாங்கள் தின்றது அதுதானே. ஜொகூர்காரி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். “ஒட்டுப்பால் வாசனை மட்டும்தான் குறை” என்றாள். ஒட்டுப்பால் வாசனை தெரியாத பிள்ளைகள் கூகுளில் தேடினாலும் கிடைக்காது. அதை மோந்தவர்கள் சாகும்வரை மறக்கவும் முடியாது.

பிறகு காஞ்சிங் போனோம். ஏழு படியாக விழும் அருவி. எங்களுக்கு முதல் படியே போதும் என்று முழங்கால் சொல்லிவிட்டது. தண்ணீரில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் தள்ளிப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து நாளிதழ் படித்தார். குரங்கு ஒன்று வந்து சுங்கை சிப்புட்காரியின் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. உள்ளே அவள் பல்செட்டு. அறுபத்திரண்டு வயசுப் பெண்கள் மூன்று பேர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குரங்கைத் துரத்தினால் எப்படி இருக்கும்? அங்கே குளித்துக்கொண்டிருந்த மலாய்ப் பையன்களும் சேர்ந்து துரத்தினார்கள். குரங்கு ரொட்டியை எடுத்துக்கொண்டு பையைப் போட்டுவிட்டது. பல் தப்பியது. அப்போதுதான் கிள்ளான்காரி முதல் முறையாகச் சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தவள், ஏதோ நினைவு வந்தாற்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இராத்திரி கூடத்தில் பாய் போட்டுப் படுத்தோம். கட்டில் வேண்டாம் என்று விட்டார்கள். நான் அந்த 1976-ஆம் ஆண்டுப் படத்தைக் கொண்டு வந்து நடுவில் வைத்தேன். ஒவ்வொருத்தியும் தன்னைத் தேடவில்லை. சின்னவளைத்தான் தேடினார்கள். இரட்டைச் சடை போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பாள். அவளைப் பற்றிப் பேச்சு வந்தது. கட்டினவன் குடிகாரன், அடிப்பான் என்று எங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். கிள்ளான்காரி எதுவும் பேசாமல் எழுந்து போய்ப் படுத்துவிட்டாள்.

சுடுநீர்க் குளத்தில்

மறுநாள் ஞாயிறு. விடியற்காலையில் சுடுநீர்க் குளத்துக்குப் போனோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூமிக்கு அடியிலிருந்து கொதிப்பாக ஊறி வரும் நீர். மூட்டுவலிக்காரர்கள், பக்கவாதம் வந்து தேறுகிறவர்கள், சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாம் வருவார்கள். வாளியில் மொண்டு, சற்று ஆறவைத்து ஊற்றிக்கொள்வார்கள். செலாயாங்கில் எல்லா இனத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து, “ஆ, சூடு” என்று கத்தும் இடம் அது ஒன்றுதான்.

நாங்கள் காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் வேனிலிருந்து பிளாஸ்கில் தேநீர் எடுத்து வரப் போயிருந்தார். கிள்ளான்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“உன்னை ஒண்ணு கேக்கத்தான் நான் வந்தேன். அன்னிக்கு நீ வீட்டுக்குள்ளதானே இருந்தே?”

“என்னைக்கு?”

“சின்னவ பச்சப் புள்ளயைத் தூக்கிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தன்னைக்கு. மழையில. வாசல்ல உன் செருப்பு கிடந்துச்சாம். நீ வீட்டுல இல்லேன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சின்னவள் என் வீட்டுக்கு வந்தாளா? எப்போது? நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன், அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அவ வீட்டுல இல்லம்மா. நான்தான் அனுப்பிட்டேன்.”

வீட்டுக்காரர் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேநீரைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. நின்றபடியே சொன்னார்.

1989. என் இரண்டாவது பிள்ளை பிறந்த வாரம். நான் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் இருந்தேன். வலி கண்டதும் டாக்சியில் வெறுங்காலோடு ஏறிப் போனவள். செருப்பு வாசலிலேயே கிடந்திருக்கிறது. இரவு எட்டு, ஒன்பது மணிக்குச் சின்னவள் வந்திருக்கிறாள். உதடு கிழிந்து வீங்கியிருந்ததாம். இடுப்பில் மூன்று வயதுப் பெண் பிள்ளை. “அண்ணே, ஒரு ராத்திரி தங்கிக்கிறேன், காலையில போயிடுறேன்” என்று கேட்டிருக்கிறாள். என் மாமியார் உள்ளேயிருந்து, “புருஷனை விட்டுட்டு வந்தவளை வீட்டுல ஏத்தினா நாளைக்கு அவன் கத்தியோட வந்து நிப்பான். வீட்டுல இல்லேன்னு சொல்லி அனுப்பு. ஆஸ்பத்திரியில இருக்கான்னும் சொல்லாதே, அங்கயே போயிடுவா” என்றாராம். இவர் அப்படியே செய்திருக்கிறார். குடை பிடித்துப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். இருபது வெள்ளி கொடுத்தாராம். அவள் வாங்கவில்லை. “அவ வந்தா, நான் வந்துட்டுப் போனேன்னு மட்டும் சொல்லிடுங்கண்ணே” என்று சொல்லிப் பேருந்து ஏறியிருக்கிறாள்.

அந்த ஒரு வார்த்தையை இவர் என்னிடம் சொல்லவில்லை. முதலில் நான் பச்சை உடம்புக்காரி என்று சொல்லாமல் விட்டாராம். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பேனே என்று விட்டாராம். பிறகு பழகிவிட்டதாம். முப்பத்து நான்கு ஆண்டுகள்.

நேயர்களே, என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. என்னை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தவர். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஒரு குடிகாரன் செய்திருந்தால், சரி, குடிகாரன் என்று விட்டிருப்பேன். நல்ல மனிதர் ஒருவர், நல்ல மகனாக, தாய் சொல் தட்டாதவராகக் கதவைச் சாத்தியிருக்கிறார். மாமியாரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவரும் பயந்த மனுஷி. வீட்டில் பச்சைப் பிள்ளை வரப் போகிற நேரம். ஆனால் அன்று பயப்படாமல் இருந்திருக்க வேண்டிய ஒருவர் அந்த வீட்டில் இருந்தார்.

அந்தக் காலத்தில் சின்னவளைப் போன்றவள் வேறு எங்கே போவாள்? இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்துதான் நம் திருமணங்களுக்கான பதிவுச் சட்டம் அமலுக்கு வந்தது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. 1989-இல் அப்படித் தனிச் சட்டமே கிடையாது. போலீசில் போய்ச் சொன்னால், “புருஷன் பெண்டாட்டி சண்டை, வீட்டுக்குப் போம்மா” என்பதுதான் அன்றைய பேச்சு. அடிபட்ட பெண்களுக்கு அடைக்கலம் தருவதற்காகப் பெண்கள் உதவி அமைப்பு 1982-லேயே ஓர் இல்லம் தொடங்கியிருந்தது. தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் படிவத்தோடு நின்ற பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? எங்களுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்த முகவரி என் வீடு ஒன்றுதான். இப்போது தாலியான் காசே 15999 என்ற எண் இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். இந்த நிகழ்ச்சியைப் பார்க்கும் யாருக்காவது தேவைப்படலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 15999.

சின்னவள் அன்று கிள்ளானுக்குத்தான் போயிருக்கிறாள். கிள்ளான்காரி அப்போது மேருவில் ஒரு வாடகை அறையில், மாமியார், நாத்தனார், இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். அவள் கதவைத் திறந்தாள். இதை அவள் தானாகச் சொல்லவில்லை. ஜொகூர்காரி துருவித் துருவிக் கேட்டு வாங்கினாள். ஐந்து மாதம் அந்த ஒற்றை அறையில் வைத்திருந்திருக்கிறாள். பிறகு ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சின்னவளுக்கு வேலை கிடைத்தது. அதிலேயே மகளைப் படிக்க வைத்தாள். புருஷனிடம் திரும்பிப் போகவே இல்லை.

“அவ உன்னைத் திட்டுவாளான்னு கேளேன்” என்றாள் கிள்ளான்காரி. “ஒரு நாளும் திட்டலை. ‘அவளுக்கு என்ன கஷ்டமோ’ன்னுதான் சொல்வா. எனக்குத்தான் ஆறலை. நீ உள்ளே இருந்துக்கிட்டே இல்லேன்னு சொன்னேன்னு நெனச்சு, இத்தனை வருஷம் உன் மேல வன்மம் வச்சிருந்தேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கால் மட்டும் அந்தச் சுடுநீரில் சிவந்து போயிருந்தது. எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. சுங்கை சிப்புட்காரிதான் என் காலைப் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தாள்.

அன்று பத்துமலைக்குப் போவதாகத் திட்டம். போனோம். திட்டம் போட்டாகிவிட்டது, வேன் அந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான். 2018-இல் படிகளுக்கு வண்ணம் அடித்த பிறகு சுற்றுலாக்காரர்கள் கூட்டம் தாங்கவில்லை. 140 அடி முருகன் சிலைக்குக் கீழே நால்வரும் ஆளுக்கொரு இளநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் 272 படியும் தனியாக ஏறிப் போனார். அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது. இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர். வழக்கமாக இருந்தால், “வேண்டாங்க” என்று தடுத்திருப்பேன். அன்று தடுக்கவில்லை. அவர் இறங்கி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரமும் நான் படியையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் சொல்ல வேண்டுமல்லவா?

மாலையில் தோழிகள் கிளம்பினார்கள். காலையில் கையை மட்டும் கொடுத்தவள், கிளம்பும்போது என் தலையைப் பிடித்து முகர்ந்துவிட்டுப் போனாள்.

பதினோரு நாள் நான் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன், மருந்தை நேரத்துக்கு எடுத்து வைத்தேன். பேசவில்லை. பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை அவரே வந்து, “அந்தப் பொண்ணு இருக்கிற இடத்தை உன் சிநேகிதிகிட்ட கேட்டுச் சொல்லு” என்றார். சின்னவளின் மகள் காப்பாரில் இருக்கிறாள், ஒரு கிளினிக்கில் வேலை. கேட்டுச் சொன்னேன். நானும் வருகிறேன் என்றதற்கு, “வேணாம். அன்னிக்கு நீ இல்ல. இன்னிக்கும் நான் மட்டும் போறேன்” என்றார்.

போனார். வாசலில் நின்று, தான் யார் என்று சொல்லி, 1989-இல் நடந்ததைச் சொல்லி, மன்னித்துக்கொள்ளும்மா என்று கேட்டிருக்கிறார். சினிமாவாக இருந்தால் அந்தப் பெண், “அப்பா” என்று காலில் விழுந்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கம்பிக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே போய் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கம்பி வழியாகக் கொடுத்தாளாம். “நீங்க வந்தது சரிங்க அங்கிள். எனக்கு இப்ப எதுவும் சொல்லத் தோணலை” என்றாளாம். இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து எனக்கு அதை அப்படியே சொன்னார். ஒரு வார்த்தையைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்றைக்கு நான் அவரோடு பேசினேன்.

திருமணத்துக்குப் பின் நட்பு நிலைக்குமா, நிலைக்காதா என்று இந்த அரங்கில் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடுகிறீர்கள். என்னை எந்த அணியில் உட்கார வைப்பது என்று நடத்துநர் ஐயா குழம்பிப் போனார். எனக்கும் தெரியவில்லை. எங்கள் நட்பு நிலைத்தது என்றால், சின்னவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றாளே. நிலைக்கவில்லை என்றால், அவள் என்னைத் திட்டவே இல்லையே.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நேரம் ஆகிவிட்டது என்று மணி அடிக்கிறார்கள்.

அந்தப் பெண் ஓராண்டுக்கு மேல் எங்களை அழைக்கவில்லை. 2024 தீபாவளி முடிந்த மறு வாரம் எனக்கு அழைப்பு வந்தது. “ஆன்ட்டி, எங்கம்மா சின்ன வயசுப் படம் உங்ககிட்ட இருக்குன்னு கிள்ளான் ஆன்ட்டி சொன்னாங்க. எங்ககிட்ட அம்மா படம்னு இருக்கிறதெல்லாம் ஆலைக்கு வேலைக்குப் போன பிறகு எடுத்ததுதான். வந்து பார்க்கலாமா?” என்றாள். ஞாயிற்றுக்கிழமை தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். கதவு காலையிலிருந்தே திறந்திருந்தது. மழைத் தூறல் இருந்ததால் குடையோடு காடி வரைக்கும் போனார். அவள் குடைக்குள் வரவில்லை. பையனை மட்டும் விட்டாள். அவள் நனைந்துகொண்டே வந்தாள்.

சாப்பிட்டாள். பிறகு நான் படத்தைக் கொண்டு வந்து கொடுத்தேன். இதில் அம்மா யார் என்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஐந்து முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்டு வயதுப் பையன்தான் எட்டிப் பார்த்து, ஓரத்தில் இரட்டைச் சடையோடு நிற்பவளைத் தொட்டு, “அம்மா, இது நீங்களா?” என்று கேட்டான்.